ஒக்கஃபெனோக்கியில் பூசமும் மூலமும்

முதல் நாள்: மார்ச் 17, செவ்வாய்

அட்லாண்டாவிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம், நானும் அப்பாவும். ஐ-75இல் நேராகத் தெற்கே இறங்கி, வால்டோஸ்டாவில் நெடுஞ்சாலையை விட்டு 94ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினோம். அப்புறம் பைன் மரங்கள், பைன் மரங்கள், மறுபடியும் பைன் மரங்கள். ஸ்டேட்டன்வில் தாண்டினால் ஃபார்கோ என்று ஒரு சிற்றூர். அதோடு என் போனில் சிக்னல் போய்விட்டது. அங்கிருந்து 177ஆம் சாலை சதுப்புக்குள்ளேயே போகிறது. 27, 28 கிலோமீட்டருக்கு ஒரு வீடு கண்ணில் படவில்லை, ஒரு தெருவிளக்கு இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஸ்டீவன் சி. ஃபாஸ்டர் ஸ்டேட் பார்க்.

இவ்வளவு தூரம் வந்தது அப்பாவுக்காக. ஊரிலிருந்து அவர் வந்து மூன்று மாதமாகிறது. வந்த புதிதில் ஒருநாள் ராத்திரி பால்கனியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, இந்த ஊர்ல நட்சத்திரமே மொளைக்காதா?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடைமடையில் விவசாயம் பார்த்தவர். முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் மடையிலேயே படுத்துக் கிடக்க வேண்டும். கைக்கடிகாரம் வாங்கும்வரை வானத்தைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார். "கார்த்திகை மாசத்துல ஆறாமீன் உச்சிக்கு வந்தா நடுச்சாமம். அதோட நம்ம மொறை முடிஞ்சுது" என்பார். ஆறாமீன் என்று அவர் சொல்வது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை. இப்போது ஊரிலும் தெருவுக்குத் தெரு எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது, வாசலில் நின்று பார்த்தால் ஆறாமீன் அங்கேயும் மங்கல்தான். இரண்டு வருடம் முன்பு அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நல்ல இருட்டில் ஒருமுறைகூட வானத்தைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்ன அன்றே இந்தப் பயணம் முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. "அவ்வளவு நேரம் பிளேன்ல என்னால மடக்கிக்கிட்டு உக்கார முடியாது" என்று ஊரிலேயே இருந்துவிட்டாள்.

நாளை பங்குனி அமாவாசை. அதைப் பார்த்துத்தான் தேதி குறித்தேன்.

ஒக்கஃபெனோக்கி என்பது ஜார்ஜியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஃபுளோரிடா எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சதுப்பு நிலம். 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். சென்னை மாநகராட்சி எல்லையைப் போல நான்கு மடங்கு. 1937இல் இதன் பெரும்பகுதியைத் தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவித்தார்கள். மேற்கு வாசலில் இருக்கும் இந்தப் பார்க்குக்கு 2016இல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. ஜார்ஜியாவில் இதுதான் முதலாவது. அன்றைய தர வரிசையில் தங்கம் என்ற மேல்வகுப்பு. அந்த அங்கீகாரம் கேட்டவுடன் கொடுப்பதல்ல. இருக்கிற ஒவ்வொரு விளக்கையும் கணக்கெடுத்து, ஒளி மேலே சிந்தாமல் மூடி போட்டு, வானத்தின் இருட்டைக் கருவி வைத்து அளந்து காட்ட வேண்டும். எங்கள் குடிலின் வாசல் விளக்கைப் பார்த்தேன். மங்கிய மஞ்சள், முகம் தரையைப் பார்த்து. படி தெரிகிறது, பல்ப் தெரியவில்லை.

சொல்லிவைத்தாற்போல் மேகம். ஏழரை மணிக்கே வானம் மூடிக்கொண்டது. பத்து மணிக்கு வெளிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், காலை ஏழுக்குத்தான் திறப்பு. உள்ளே தங்கியிருப்பவர்களைத் தவிர யாரும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தவளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கூழாங்கல்லைக் கூழாங்கல்லோடு தட்டுகிற மாதிரி ஒரு வகை, பன்றி உறுமுகிற மாதிரி ஒரு வகை. பத்தரைக்கு ஓர் ஆந்தை. "உனக்கு யார் சமைக்கிறார்கள்?" என்று அது கேட்பதாக இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள், ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் தாளம் அப்படியே பொருந்துகிறது.

அப்பா தூங்கப் போகுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மேகம்னாலும் பரவாயில்ல. எவ்வளவு கருப்பா இருக்கு பாரு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அட்லாண்டாவில் மேகம் போட்டால் வானம் ஆரஞ்சு நிறத்தில் வெளுத்துவிடும். தெருவிளக்கு வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பும். இங்கே மேகம் போட்டால் இருட்டு கூடுகிறது. வானம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள்: மார்ச் 18, புதன், அமாவாசை

காலை பத்து மணிக்கு மேகம் கலைந்தது. படகு சவாரிக்குப் பெயர் கொடுத்தேன், நாளைக்குத்தான் இடம் என்றார்கள். பகல் முழுக்கப் படகுத்துறையைச் சுற்றியே கழிந்தது. தண்ணீர் கடும் டிகாஷன் நிறம். விழுந்து மக்கும் இலையும் வேரும் விடுகிற டானின் அது. கையில் அள்ளினால் வெளிர் தேநீர், மேலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. கரையில் நிற்கிற சைப்ரஸ் மரங்கள், அதில் சடை சடையாய்த் தொங்கும் நரைத்த கொடி எல்லாம் தலைகீழாக அப்படியே விழுகின்றன. அந்தக் கொடியை ஸ்பானிஷ் பாசி என்பார்கள், ஆனால் பாசி இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி. காற்றிலேயே ஈரம் குடித்து வாழும்.

சாயங்காலம் ஏழு நாற்பதுக்கு சூரியன் மறைந்தது. ஒன்பது மணிக்குப் படகுத்துறைக்குப் பக்கத்துத் திறந்தவெளிக்குப் போனோம். இரண்டு மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க்கில் காபி, என்னுடைய 10×50 பைனாகுலர், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். டார்ச்சில் ஏன் சிவப்பு என்று அப்பா கேட்டார். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது என்றேன். அதைச் சொல்லி முடிக்கவும் யாரோ ஒருவர் வண்டியைத் திருப்பினார், ஹெட்லைட் நேராக முகத்தில். அப்பா சட்டென்று துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. என் கண் பழகுவதற்குள் அவர் பாதி வானத்தைப் பார்த்து முடித்திருந்தார்.

முதலில் அவர் தேடியது ஆறாமீன். மேற்கில் பாதி உயரத்தில் இருந்தது. வாய்க்குள் எண்ணினார். "ஆறு இல்ல. எட்டு, ஒம்பது இருக்கு பாப்பா." எனக்கு எட்டுதான். பிறகு தெற்கே பார்த்து, "அது என்ன இவ்வளவு நீலம்?" என்றார். சிரியஸ். புரை நீக்கிய கண் அப்படித்தான். வயதில் பழுப்பேறிய பழைய லென்ஸ் நீல ஒளியை விழுங்கிவிடும். பொருத்திய புது லென்ஸ் உள்ளே விடுகிறது. எழுபத்தொரு வயதில் சிரியஸின் நீலம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிகிறது.

மேற்கு அடிவானத்திலிருந்து கூம்பு மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் ஆறாமீன் பக்கமாகச் சாய்ந்து எழுந்திருந்தது. ஏதோ ஊர் வெளிச்சம் என்றுதான் அப்பா நினைத்தார். ஊர் வெளிச்சமும் இருக்கிறது: தென்கிழக்கில் மரங்களுக்கு மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு வளைவு, அந்தத் திசையில் ஜாக்சன்வில். ஆனால் இந்தக் கூம்பு ராசி ஒளி. கிரகங்கள் சுற்றும் தளத்தில் மிதக்கிற தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவது. மார்ச் மாதத்தில் சாயங்கால வானத்தில் ராசிப் பாதை செங்குத்தாக நிற்பதால் இப்போது நன்றாகத் தெரியும். பதினான்கு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன், நானும் இன்றுதான் பார்க்கிறேன்.

"சரி, பூசம் எங்க இருக்கு?"

பூசம் அப்பாவின் நட்சத்திரம். பூச நட்சத்திரம், கடக ராசி என்று வேதாரண்யம் கோயிலில் எத்தனை அர்ச்சனைக்குச் சொல்லியிருப்பார்! வானத்தில் அது எது என்று அவருக்குத் தெரியாது. ஆறாமீன் தெரியும், சப்தரிஷி தெரியும், விடிவெள்ளி தெரியும். வேலைக்கு ஆனதெல்லாம் தெரியும். பூசம் மங்கல், அதை வைத்து நேரம் பார்க்க முடியாது.

உச்சிக்குப் பக்கத்தில் குரு. பஞ்சாங்கத்தில் மிதுனத்தில் குரு என்று போட்டிருப்பது இப்போது கண்ணுக்கு எதிரே அப்படியே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கிழக்கே புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள். இன்னும் கிழக்கே தள்ளி சிம்மத்தின் நெஞ்சில் மகம். "குருவுக்கும் மகத்துக்கும் நடுவுல பாருங்கப்பா. நேரா முறைச்சுப் பாக்காதீங்க, கடைக்கண்ணால பாருங்க." மங்கலான ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரமாகத்தான் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் மறையும், பக்கத்தில் பார்த்தால் தெரியும்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி ஒண்ணு இருக்கு. அதுவா?"

"அதேதான்."

பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். கை நடுங்கியதால் முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சு இப்போது உடைந்து நட்சத்திரங்களாகிவிட்டது. 1609, 1610 வாக்கில் கலிலியோ தன் தொலைநோக்கியில் இதே பஞ்சைப் பார்த்து நாற்பதுக்கு மேல் எண்ணினார். உண்மையில் ஆயிரம் இருக்கும். ஏறக்குறைய அறுநூறு ஒளியாண்டுத் தூரத்தில் ஒன்றாகப் பிறந்த கூட்டம். அதன் ஓரத்தில் நிற்கிற ஒரு நட்சத்திரத்தைத்தான் பூசத்தின் முதன்மை நட்சத்திரமாகப் பழைய சோதிட நூல்கள் வைக்கின்றன. இதையெல்லாம் நான் சொன்னேன். அப்பா காதில் வாங்கினாரா தெரியாது.

"களத்துல நெல்லு சிந்துன மாதிரி இருக்கு" என்றார். பைனாகுலரை இறக்கவில்லை. கை ஓயும்வரை பார்த்தார், இறக்கினார், துடைத்தார், மறுபடி வைத்தார். நான் காபியை ஊற்றி வைத்தேன், ஆறிப்போனது.

பன்னிரண்டரை மணி இருக்கும். "பூசத்தக் காணோமே" என்றார். குரு இருக்கிறது, மகம் இருக்கிறது, புனர்பூசம் இருக்கிறது. பஞ்சை மட்டும் காணோம். கிரேக்கத்து அராட்டஸும் ரோமானியப் பிளினியும் எழுதி வைத்த விஷயம் இது: வானம் தெளிவாகத் தெரியும்போதே இந்தக் கூட்டம் மறைந்தால் வானிலை கெடப் போகிறது என்று அர்த்தம். மெல்லிய ஈரம் பரவும்போது முதலில் மறைவது மங்கலானதுதானே. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பூசமும் வேலைக்கு ஆகுற நட்சத்திரம்தான்" என்றார். ஒரு மணிக்குத் தண்ணீர் மேலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. முதலில் படகுகள் போயின, அப்புறம் மரங்கள், கடைசியாக குரு.

மூன்றாம் நாள்: மார்ச் 19, வியாழன்

மதியம் படகில் பில்லிஸ் தீவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் முதலைகள், ஆலிகேட்டர் வகை, வெயில் காய்ந்துகொண்டு. இந்தச் சதுப்பு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். நாங்கள் இருபத்திரண்டு வரை எண்ணினோம்.

வழியில் படகோட்டி ஒரு திட்டின் ஓரம் படகை நிறுத்தி, மூங்கில் போன்ற நீளக் கழியால் திட்டை ஓர் அழுத்து அழுத்தினார். நாலடி தள்ளி நின்ற புதர் ஆடியது. அதற்கும் அப்பால் இருந்த ஓர் இளம் சைப்ரஸ் தலையை ஆட்டியது. நிலம் மாதிரி தெரிகிறதே தவிர நிலம் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் தழையும் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த பீட். சில இடங்களில் நாலரை மீட்டர் ஆழம். அடியில் சேரும் வாயு அதில் ஒரு பாளத்தைத் தூக்கி மேலே மிதக்கவிடும். அதில் புல் முளைக்கும், புதர் வரும், மரமும் வரும். நடுங்கும் பூமி என்பதுதான் ஒக்கஃபெனோக்கி என்ற பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள். அப்பா படகிலிருந்து கையை நீட்டித் திட்டின் விளிம்பைப் பிய்த்தார். கறுப்பாக, ஈரமாக, நார் நாராக வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். "சேத்து வாடையே இல்ல பாப்பா. நம்ம ஊரு சேறு நாறும்." பிழிந்தார். விரல் இடுக்கில் டிகாஷன் வழிந்தது. "இதுல நெல்லு வராது" என்று தண்ணீரிலேயே போட்டுவிட்டார்.

வரும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1891இல் ஒரு கம்பெனி ஏக்கர் கால் டாலர் சொச்சத்துக்கு இந்தச் சதுப்பை மாநில அரசிடம் வாங்கியது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, மரத்தை விற்று, வயலாக்குவது திட்டம். நாலு வருடம் வெட்டினார்கள். கரை சரிந்துகொண்டே இருந்தது, தண்ணீர் வற்றவில்லை. தலைவர் ஹாரி ஜாக்சன் 1895இல் இறந்தார், கம்பெனியும் திவாலானது. கிழக்குப் பக்கம் அந்தக் கால்வாய் இன்னும் கிடக்கிறது. இப்போது அதில் துடுப்புப் படகு விடுகிறார்கள்.

அடுத்து வந்தவர்கள் வடிக்க முயலவில்லை. தண்ணீருக்குள்ளேயே மரக்கால் நட்டு அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். 1909 முதல் 1927 வரை ரயில் ரயிலாக சைப்ரஸ் போனது. பில்லிஸ் தீவு அப்போது ஓர் ஊர்: அறுநூறு பேர், ஹோட்டல், கடை, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகைகூட. இன்று இறங்கி நடந்தால் பைன் சருகுக்குள் துருப்பிடித்த இரும்புச் சட்டம், யாருடைய வண்டியோ, ஒரு சின்ன இடுகாடு. 1850களில் வந்து குடியேறிய லீ குடும்பத்தாரின் இடுகாடு அது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். நானும் கழற்றினேன்.

சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு பல்ப் கிடையாது. நேற்று அந்தப் பஞ்சுப் பூசம் தெரிந்தது இதனால்தான் என்று படகில் திரும்பும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த இருட்டு தானாக மிஞ்சியதல்ல. கால்வாய் கரை சரியாமல் நின்றிருந்தால் இங்கே வயல். வயல் என்றால் ஊர், ஊர் என்றால் விளக்கு. நடுங்குகிற மண் யாரையும் நிற்கவிடவில்லை. அப்புறம் 1937இல் அதை அப்படியே விடுவதென்று சிலர் போராடி முடிவெடுக்க வைத்தார்கள். மண்ணும் மனிதரும் சேர்ந்து காத்த இருட்டு இது.

ராத்திரி ஒன்பது மணிக்கே அப்பாவுக்கு அகத்தியரைக் காட்டிவிட்டேன். தெற்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி கிடைத்தது. அதில், அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே, மஞ்சளும் சிவப்புமாகத் துடித்துக்கொண்டு. "இவரு ஏன் இவ்வளவு தாழ்ந்துட்டாரு?" என்றார். வேதாரண்யத்தில் அகத்திய நட்சத்திரம் 27 டிகிரி வரை ஏறும். அதற்குப் பதிலாக இங்கே துருவ நட்சத்திரம் உயரத்தில்: ஊரில் பத்து டிகிரி, இங்கே முப்பத்தொன்று. அப்பா வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பிளேனில் புரியவில்லை, இப்போதுதான் புரிகிறது என்றார்.

படுத்து, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தோம். பயந்ததுபோல் மூடுபனி இல்லை. காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. தெற்கு மரங்களுக்குச் சற்று மேலே ஒமேகா சென்டாரி, ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட பந்து, கண்ணுக்கு ஒரு புகைப் பொட்டு. அதைப் பத்து நிமிடம் பார்த்தோம். அப்பாவுக்கு அதில் மனம் போகவில்லை. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு.

"உங்க அம்மாவுது மூலம்" என்றார். எனக்கு அந்தக் கதை தெரியும். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வந்த ஐந்து வரனைத் தட்டிவிட்டார்கள். மாமனாருக்கு ஆகாதாம். ஆறாவதாகப் பெண் பார்க்கப் போனது அப்பா வீட்டார். "எங்கப்பாகிட்ட எல்லாரும் சொன்னாங்க. நட்சத்திரம் வானத்துல இருக்கு, புள்ள வீட்டுல இருக்கு, எது எதுக்கு என்ன செய்யும்னு கேட்டாரு." கல்யாணத்துக்குப் பிறகு தாத்தா முப்பத்தொரு வருடம் இருந்தார். கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அம்மா.

ஐந்தரை மணி. தென்கிழக்கில் விருச்சிகம் முழுசாக எழுந்து நின்றது. சிவப்பாகக் கேட்டை, அங்கிருந்து வளைந்து இறங்குகிற வால், வால் நுனியில் ஒட்டி நிற்கிற இரண்டு நட்சத்திரங்கள். அந்தக் கொடுக்குதான் மூலம். அதற்கு இடப்பக்கத்திலிருந்து பால்வீதி புகையாக அல்ல, மேகமாகவே எழுந்தது; வெளிச்சமும் கறுப்புப் பிளவுமாக, திரள் திரளாக. வானத்தில் பால்வீதி மிகத் தடித்து, மிகப் பிரகாசமாக இருக்கும் இடம் அதுதான். அந்தக் கொடுக்குக்குச் சில டிகிரி தள்ளித்தான் நம் பால்வீதியின் மையம். சுமார் 26,000 ஒளியாண்டுத் தூரத்தில், நாற்பது லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளையைச் சுற்றி எல்லாமே சுழல்கிற இடம். மூலம் என்றால் வேர். எதை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ.

படகுத்துறைத் தண்ணீர் அசையாமல் இருந்தது. கறுப்புத் தண்ணீரில் தேளின் கொடுக்கு தலைகீழாக விழுந்திருந்தது. அந்த இரண்டு நட்சத்திரமும் இரண்டு புள்ளியாக. தூரத்தில் எதுவோ நீந்தி, அலை வந்து இரண்டையும் கலைத்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். தண்ணீர் அடங்கி, இரண்டும் மறுபடி வந்து சேர்ந்தன.

"இவ்வளவு பெரிய எடத்துல இருக்கா" என்றார் அப்பா. பிறகு, "அவகிட்ட சொல்லணும். போன் போடு."

சிக்னல் இல்லை.

நான்காம் நாள்: மார்ச் 20, வெள்ளி

பதினொரு மணிக்குக் குடிலைக் காலி செய்துவிட்டு, மர நிழலில் வண்டியிலேயே தூங்கினோம். சாயங்காலம் அலுவலகத்தின் சின்ன அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தோம். சதுப்பின் கிழக்கு விளிம்பில் டிரெயில் ரிட்ஜ் என்றொரு மணல் மேடு ஓடுகிறது. பழங்காலக் கடற்கரை அது. இந்தத் தண்ணீர் கிழக்கே வடிந்துவிடாமல் அணைபோல் நிற்பது அதுதான். அதன் மணலில் டைட்டானியம் இருக்கிறது. அதை அள்ள ஒரு கம்பெனி சில வருடங்களாக முயன்றது, மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2025 ஜூனில் ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பு ஏறக்குறைய 6 கோடி டாலர் கொடுத்து அந்த நிலத்தையே வாங்கிவிட்டது. சுரங்கம் வந்திருந்தால் தண்ணீர் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள், அது சரியும்கூட. எனக்கு அந்தக் கிழக்கு மேட்டில் இரவெல்லாம் எரிந்திருக்கக்கூடிய விளக்குகளும் சேர்ந்து தோன்றின. அப்பாவிடம் சொன்னேன். "அந்த ஆளுங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்" என்றார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஃபார்கோ தாண்டி 94ஆம் சாலையில் மேற்கே திரும்பியதும் நேர் எதிரே, பைன் மரங்களுக்கு மேலே, மூன்றாம் பிறை. பக்கத்தில் வெள்ளி. அப்பா "நிறுத்து நிறுத்து" என்றார். ஓரங்கட்டினேன். இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். என் போனைப் பார்த்தேன், இரண்டு கோடு வந்திருந்தது. இங்கே மணி எட்டாகப் பத்து நிமிடம். அங்கே விடியற்காலை ஐந்து இருபது.

இரண்டாவது ரிங்கிலேயே அம்மா எடுத்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தாளாம்.

"மூணாம் பெறை பாத்தியா?" என்றார் அப்பா.

"நேத்து சாயங்காலமே பாத்தாச்சு. இப்பத்தான் அங்க வருதா?"

"அத விடு. இந்தா, தெருவெளக்கு கண்ணுல அடிக்காத எடமா கொல்லைப்பக்கம் போ."

"எதுக்கு இந்நேரத்துல கொல்லைக்கு?"

"போயேன். போயி தெக்கால அண்ணாந்து பாரு."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு சேவல். வாளியை எங்கோ வைத்தாள்.

"தேளு மாதிரி வளைஞ்சு கெடக்கும். தெரியுதா?"

"இரு, தென்னை மறைக்குது." சருகு மிதிபட்டது. "ம். ஒண்ணு செவப்பா இருக்கு."

"அது கேட்டை. அதுலேருந்து அப்படியே வாலைப் புடிச்சுக்கிட்டு கீழ வா. நுனியில ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"அதான் மூலம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "இவ்வளவு கிட்டக்கவா ரெண்டும் இருக்கும்?"